டிஜிட்டோனின் தூள்: வாங்கிக் கரைத்துப் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

புரதங்கள் உட்கருவுக்குள் எப்படிப் போகின்றன என்று புத்தகத்தில் படம் பார்த்துப் படித்துவிட்டு, அதையே மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்க்க ஆசைப்படும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தச் சோதனைக்கு வேண்டிய பொருட்களில் பாதி எல்லா லேப்பிலும் ஏற்கெனவே கிடக்கும். இல்லாதவற்றில் முக்கியமானது டிஜிட்டோனின். விற்கிறவர்களின் பக்கத்துக்குப் போனால் ரெண்டு வரிதான் இருக்கும்: வெள்ளைத் தூள், தூய்மை இத்தனை சதவீதம், நச்சுப்பொருள், கவனம். அதை மட்டும் நம்பி ஆர்டர் போட்டால் பாட்டில் வந்த பிறகு என்ன செய்வது என்று யாரையாவது தேடி அலைய வேண்டியிருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாக வாங்கலாம், ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை மதிப்பெண் பாட்டிலுக்குப் பாட்டில் இதன் வீரியம் மாறுவதற்காக. அதைப் பற்றிக் கீழே விரிவாகவே புலம்பியிருக்கிறேன்.

இது டிஜிட்டாலிஸ் பர்ப்பூரியா என்ற ஐரோப்பியப் பூச்செடியின் விதையிலிருந்து எடுக்கிற பொருள். அதே செடி இனத்திலிருந்து வரும் டிஜாக்சின், டிஜிட்டாக்சின் எல்லாம் இதய மருந்துகள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதால் ஸ்டோரில் குழப்பிக்கொள்கிறார்கள், ஆர்டர் போடும்போது எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். டிஜிட்டோனின் ஒரு சப்போனின், நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை வரக் காரணமான அதே வேதிக் குடும்பம். ஒரு ஸ்டீராய்டு உடம்பும் அதில் ஒட்டிய ஐந்து சர்க்கரைகளும் சேர்ந்தது, மூலக்கூறு எடை சுமார் 1229. கொலஸ்ட்ராலைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் இதன் குணம். அடால்ஃப் விண்டாஸ் 1909-லேயே டிஜிட்டோனினைப் போட்டுக் கொலஸ்ட்ராலைத் தனியாக வீழ்படிவாக்கிக் காட்டினார். 1928-ல் வேதியியல் நோபல் வாங்கிய அதே விண்டாஸ்தான்.

சரி, கொலஸ்ட்ராலைப் பிடிக்கிற தூளுக்கும் உட்கருவுக்கும் என்ன சம்பந்தம்? செல்லின் வெளிச்சவ்வில் கொலஸ்ட்ரால் நிறைய இருக்கிறது, உட்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வில் ரொம்பக் கம்மி. அதனால் அளவாகப் போட்டால் டிஜிட்டோனின் வெளிச்சவ்வில் மட்டும் ஓட்டைகளைப் போட்டுவிட்டு உட்கருச் சவ்வை அப்படியே விட்டுவிடும். செல்லுக்குள் கரைந்திருக்கும் புரதங்கள், ஏடிபி எல்லாம் வெளியே கசிந்து போய்விடும், ஆனால் உட்கருவும் அதன் துளைகளும் முழுசாக, வேலை செய்கிற நிலையில் நிற்கும். இனிமேல் அந்தச் செல்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை விட்டுவிடலாம், எது இல்லாவிட்டால் புரதம் உள்ளே போவது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இதைச் செய்து காட்டியவர்கள் ஸ்டீஃபன் ஆடம், ரேச்சல் மார், லாரி ஜெரஸ் மூவரும், வருடம் 1990. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அதற்கு முன்பே நிறைய தெரிந்திருந்தது. 1984-ல் எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜன் புரதத்தில் ஏழே ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டுதான் உட்கருவுக்குப் போக வேண்டிய அடையாளம் என்று கண்டுபிடித்திருந்தார்கள்: புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வேலின். அதில் 128-வது இடத்தில் இருக்கும் லைசின் ஒன்றை மாற்றினாலே போதும், புரதம் வெளியே சைட்டோபிளாசத்தில் தங்கிவிடும். அந்தத் துண்டை வேறு ஏதாவது ஒரு புரதத்தில் ஒட்டவைத்தால் சம்பந்தமே இல்லாத அந்தப் புரதமும் உட்கருவுக்குள் போய்விடும். ஆக அடையாளம் தெரியும், துளை தெரியும், அடையாளத்தைப் படித்துத் துளை வழியாகக் கூட்டிப் போவது யார் என்பது மட்டும் தெரியாது. முழுச் செல்லுக்குள் எல்லாம் கலந்து கிடக்கும்போது அதைப் பிரித்தறிய வழியில்லை.

டிஜிட்டோனின் போட்ட செல்லில் அந்தக் கேள்வியை நேராகவே கேட்க முடிந்தது. கழுவிய செல்லுக்கு ஒளிரும் புரதத்தை மட்டும் கொடுத்தால் உட்கருவுக்குள் அது சேரவில்லை. வேறு செல்லிலிருந்து எடுத்த சைட்டோசாலையும் (செல்லுக்குள் உட்கருவுக்கு வெளியே இருக்கும் திரவம்) ஏடிபியையும் சேர்த்துக் கொடுத்தால் சேர்ந்தது. அப்படியென்றால் கூட்டிப் போகிறவர்கள் அந்தச் சைட்டோசாலில் கரைந்திருக்கிறார்கள். அப்புறம் என்ன, ஆளாளுக்குச் சைட்டோசாலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மேரி ஷானன் மூரும் குந்தர் புளோபெலும் தவளையின் சைட்டோசாலை ரெண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதி புரதத்தைத் துளையின் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்துகிறது, இன்னொரு பகுதி இருந்தால்தான் உள்ளே போகிறது என்று 1992-ல் காட்டினார்கள். அந்த ரெண்டாவது பகுதிக்குள் இருந்த ரான் என்ற சின்னப் புரதம் 1993-ல் பிடிபட்டது. அதே வருடம் மெல்கியோர், ஜெரஸ் குழுவும் அதையே கண்டார்கள். 1994-ல் டிர்க் கோர்லிஷ் தவளை முட்டையிலிருந்து கூட்டிப் போகும் புரதங்களில் ஒன்றான இம்போர்ட்டின் ஆல்ஃபாவைப் பிரித்தெடுத்தார், அடுத்த வருடம் இம்போர்ட்டின் பீட்டா. இத்தனை பெயர்களும் அஞ்சாறு வருடத்துக்குள் வரிசையாக வெளிவந்ததற்குப் பின்னால் இந்த வெள்ளைத் தூள் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் இம்போர்ட்டினைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன, அதைக் கண்டுபிடிக்க உதவிய பொருளுக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போது கைக்கு வருவோம். தூள் ரொம்ப லேசானது, மூடியைத் திறந்ததும் பறக்கும். முழுங்கினாலும் சுவாசித்தாலும் தோலில் பட்டாலும் நஞ்சு என்று லேபிளில் போட்டிருப்பது சும்மா இல்லை. ஃபேன் ஓடுகிற இடத்தில் எடை போடாதீர்கள், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் நேராகக் கரையாது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் கரைகிறது, ஆறினால் திரும்பவும் கலங்கி அடியில் உட்கார்ந்துகொள்கிறது. என் அனுபவத்தில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான்தான் நிம்மதி. மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 20-ல் வைத்துவிடுங்கள். ஹீலா செல்லுக்கு (லேப்பில் வளர்க்கும் மனிதச் செல் வகை) வழக்கமாகச் சொல்லும் அளவு மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம், ஐஸில் 5 நிமிடம். அப்படியென்றால் 1 மில்லி பஃபருக்கு இந்தக் கரைசலில் 2 மைக்ரோலிட்டர் போதும்.

அந்த 40 என்ற எண்ணைத்தான் நான் யாரையும் நம்ப வேண்டாம் என்கிறேன். ஒரு முறை வாங்கிய பாட்டிலில் அதே அளவு அருமையாக வேலை செய்தது, அடுத்து வந்த பாட்டிலில் அதே கம்பெனி, அதே கேட்டலாக் எண், ஆனால் கரைசல் கலங்கலாகவே நின்றது, செல்கள் பாதி திறக்கவே இல்லை. அளவை ஏற்றினால் உட்கருச் சவ்வும் சேர்ந்து போய்விட்டது. விற்றவர்களிடம் கேட்டதற்கு இயற்கைப் பொருள், லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்று பதில் வந்தது. மாறும் என்பது சரிதான், விதையிலிருந்து எடுப்பதால் கூடவே வேறு சப்போனின்களும் வரும், சாதாரண ரகங்களில் டிஜிட்டோனின் பாதியளவுதான் இருக்கும். ஆனால் அந்த லாட் செல்லில் எந்த அளவில் வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்புவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னமும் புரியவில்லை. அவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற மாணவன் ஒரு வாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால் புதுப் பாட்டில் வந்தால் முதல் வேலை அளவு பார்ப்பது. கவர் ஸ்லிப்பில் வளர்ந்த செல்களை எடுத்து 10, 20, 30, 40, 60 என்று வரிசையாகப் போட்டு, கழுவி, டிரைப்பான் ப்ளூ என்ற நீலச் சாயத்தை விட்டுப் பாருங்கள். வெளிச்சவ்வு திறந்த செல்லின் உட்கரு நீலமாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நீலமாகிற மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் உங்கள் அளவு. இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். டிரைப்பான் ப்ளூ ரொம்பச் சின்ன மூலக்கூறு, ஆயிரம் டால்டன்கூட இல்லை, உட்கருத் துளை வழியாகத் தானாகவே போய்விடும். ஆக நீலம் என்றால் வெளிச்சவ்வு திறந்தது என்று மட்டும்தான் அர்த்தம், உட்கருச் சவ்வு நல்லபடியாக இருக்கிறதா என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்கு 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானில் (சர்க்கரைகள் கோத்த பெரிய மூலக்கூறு) சிவப்பு ஒளிர்பொருள் ஒட்டியது கிடைக்கும், அதை விட்டுப் பாருங்கள். சுற்றிலும் சிவப்பாக இருந்து உட்கரு மட்டும் வட்டமாகக் கறுப்பாகத் தெரிந்தால் சவ்வு நலம். உட்கருவும் சிவந்துவிட்டால் அந்த கவர் ஸ்லிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் வருகிற எந்த முடிவுக்கும் மதிப்பில்லை.

ஏன் 70 என்றால், உட்கருத் துளை வழியாகச் சுமார் 40 கிலோடால்டன் வரைக்கும் உள்ளவை யாருடைய உதவியும் இல்லாமல் மெதுவாகப் பரவிப் போய்விடும், அதற்கு மேல் போகப் போகக் கஷ்டம். இதே காரணத்துக்காகத்தான் ஒளிரும் புரதமாக ஜிஎஃப்பி (GFP) என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அது 27 கிலோடால்டன்தான், அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே போகும், நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்றே தெரியாது. பழைய முறை என்றால் 66 கிலோடால்டன் உள்ள மாட்டு ஆல்புமினில் அந்த ஏழு அமினோ அமிலத் துண்டை ஒட்டி, ஒளிர்பொருளும் ஏற்றுவார்கள். எங்களுக்கு வசதியாக இருப்பது ஜிஎஸ்டி (GST) என்ற புரதம், அடையாளத் துண்டு, ஜிஎஃப்பி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பாக்டீரியாவில் தயாரித்துக்கொள்வது. ஜிஎஸ்டி ரெண்டு ரெண்டாகச் சேர்ந்துகொள்ளும் என்பதால் மொத்தம் நூறு கிலோடால்டனுக்கு மேல் போய்விடும், தானாக நுழையும் பயமில்லை. லைசினை மாற்றிய இன்னொன்றையும் கூடவே செய்து வையுங்கள், அது இல்லாமல் யாரும் உங்கள் படத்தை நம்ப மாட்டார்கள்.

பஃபர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிபிஎஸ் என்ற சாதாரண உப்புக் கரைசல் இருக்கிறதே என்று அதில் செய்யாதீர்கள். 20 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஹெச் 7.3, 110 மில்லிமோலார் பொட்டாசியம் அசிட்டேட், 2 மில்லிமோலார் மெக்னீசியம் அசிட்டேட், கொஞ்சம் ஈஜிடிஏ, கொஞ்சம் டிடிடி, இவ்வளவுதான். செல்லுக்குள் பொட்டாசியம்தான் அதிகம் என்பதால் அதை ஒட்டிய பஃபர் இது. சைட்டோசாலுக்கு முயல் ரெட்டிகுலோசைட் லைசேட் (முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்தெடுத்த சாறு) வாங்கிக்கொள்ளலாம், விலை கடிக்கும். ஏடிபி 1 மில்லிமோலார், ஜிடிபி (GTP) 0.1 மில்லிமோலார், ஏடிபி தீராமல் இருக்க கிரியேட்டின் பாஸ்பேட்டும் அதற்கான என்சைமும். டிஜிட்டோனினுக்குப் பிறகு நன்றாக, ஆனால் மெதுவாகக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் ரெண்டு பக்கமும் இடி: பலமாக ஊற்றினால் செல்கள் கவர் ஸ்லிப்பை விட்டுக் கழன்றுவிடும், கம்மியாகக் கழுவினால் செல்லின் சொந்த இம்போர்ட்டின் உள்ளேயே தங்கி, சைட்டோசால் சேர்க்காத கவர் ஸ்லிப்பிலும் உட்கரு ஒளிர ஆரம்பிக்கும்.

சரியாக அமைந்துவிட்டால் பார்க்கக் கிடைப்பது இது. ஒரு கவர் ஸ்லிப் ஐஸில், இன்னொன்று 30 டிகிரியில் அரை மணி நேரம், ரெண்டிலும் சைட்டோசாலும் ஏடிபியும் ஒன்றே. ஐஸில் இருந்ததில் உட்கருவின் விளிம்பு மட்டும் மெல்லிய பச்சை வளையமாகத் தெரியும், ஃபோகஸை உட்கருவின் மேற்பரப்புக்கு ஏற்றினால் அந்த வளையம் புள்ளி புள்ளியாக உடையும். புரதம் துளைகளின் வாயிலில் வந்து நிற்கிறது, உள்ளே போகவில்லை. 30 டிகிரியில் இருந்ததில் உட்கரு முழுக்கப் பச்சை, சுற்றி இருட்டு. கோதுமை முளையிலிருந்து எடுக்கும் டபிள்யூஜிஏ என்ற லெக்டினை முன்கூட்டியே சேர்த்திருந்தால் அந்தப் பச்சை உள்ளே வராது, அது துளைப் புரதங்களின் மேல் இருக்கும் சர்க்கரையில் ஒட்டி வழியை அடைத்துவிடுகிறது. ஜிடிபி-யை உடைக்க முடியாதபடி மாற்றிய ரான் புரதத்தைச் சேர்த்தாலும் வராது. மாணவர்களை இருட்டறையில் உட்காரவைத்து இந்த நாலு கவர் ஸ்லிப்பையும் அடுத்தடுத்துக் காட்டினால் ஒரு மணி நேர வகுப்பில் புரியாதது பத்து நிமிடத்தில் புரிகிறது.

கடைசியில் சொன்ன ரான் விஷயம்தான் எல்லோரும் குழம்பும் இடம். இம்போர்ட்டின் ஆல்ஃபா அடையாளத்தைப் பிடிக்கிறது, பீட்டா ஆல்ஃபாவைப் பிடித்துக்கொண்டு, துளைக்குள் நிறைந்திருக்கும் ஃபினைல்அலனின், கிளைசின் திரும்பத் திரும்ப வரும் இழைகளோடு ஒட்டி ஒட்டி விலகி உள்ளே போகிறது. உட்கருவுக்குள் ரான் ஜிடிபி-யோடு இருக்கிறது, ஏனென்றால் அதில் ஜிடிபி-யை ஏற்றும் ஆர்சிசி1 குரோமாட்டினில் ஒட்டியிருக்கிறது. அந்த ரான்-ஜிடிபி பீட்டாவில் வந்து ஏறியதும் சரக்கு இறங்கிவிடும். பீட்டாவும் ரானும் சேர்ந்து வெளியே வந்ததும் அங்கிருக்கும் ரான்-கேப் (RanGAP) என்ற புரதம் ஜிடிபி-யை உடைக்கத் தூண்டி, பீட்டா விடுபடுகிறது. அப்படியென்றால் சக்தி செலவாவது துளையைத் தாண்டுவதற்கு இல்லை, உள்ளே ஜிடிபி (GTP) ஏறிய ரான், வெளியே பாஸ்பேட் ஒன்று குறைந்த GDP ஏறிய ரான், இந்த வித்தியாசத்தைத் தக்கவைப்பதற்குத்தான். உடைக்காத ரானைக் கொட்டினால் வெளியிலேயே பீட்டா சரக்கை விட்டுவிடும், வளையம்கூட மங்கிவிடும். இதை எத்தனை தடவை படித்தாலும் வராத தெளிவு, மங்கிய அந்த வளையத்தைப் பார்த்ததும் வந்துவிடுகிறது.

மாற்றுப் பொருட்களையும் பார்த்துவிடலாம். டிரைட்டான் எக்ஸ்-100 மலிவு, எல்லா லேப்பிலும் இருக்கும், ஆனால் உட்கருச் சவ்வையும் சேர்த்துக் கரைத்துவிடும், இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கடையில் சப்போனின் என்றே விற்பது பல சப்போனின்களின் கலவை, ஆன்டிபாடி சாயத்துக்குச் சரி, இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற பாக்டீரியப் புரதமும் கொலஸ்ட்ராலைத்தான் தேடிப் போய் ஓட்டை போடுகிறது, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதைக் கையாள்வது இன்னும் சிரமம். இன்றுவரை டிஜிட்டோனினுக்கு நிகராக எளிதான ஒன்று எனக்குத் தட்டுப்படவில்லை.

இதனால் முடியாததையும் சொல்லத்தான் வேண்டும். திறந்த செல் உயிருள்ள செல் இல்லை. ஹார்மோன் கொடுத்தவுடன் ஒரு புரதம் உட்கருவுக்குப் போகிறதா, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்போது வெளியே வருகிறது என்பதெல்லாம் உங்கள் கேள்வி என்றால் இந்தப் பணத்தை வேறெதற்காவது செலவழியுங்கள், உயிருள்ள செல்லில் ஜிஎஃப்பி ஒட்டிப் பார்ப்பதுதான் அதற்கு வழி. கொலஸ்ட்ரால் குறைவாக உள்ள செல்களிலும் இது சரிப்படாது. எந்தப் புரதத்துக்கு எந்த இம்போர்ட்டின் வேண்டும், இந்தத் துண்டு போதுமா, இந்த மருந்து எந்தப் படியை நிறுத்துகிறது, இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் இது.

வாங்கும்போது பெரிய பாட்டிலைக் காட்டி ஆசை காட்டுவார்கள், விழுந்துவிடாதீர்கள். 40 மைக்ரோகிராம் கணக்கில் 100 மில்லிகிராமில் இரண்டரை லிட்டர் கரைசல் வரும், ஒரு பிஎச்.டி. முழுக்கப் போதும். தூய்மை அதிகமான ரகத்தையே கேளுங்கள், லாட் எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள், பக்கத்து லேப்பிலும் யாராவது இதே வேலை செய்தால் ஒரே லாட்டில் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். அளவு பார்க்கும் வேலை ஒரு தடவையோடு முடியும், அவர்களுடைய 30-ம் உங்களுடைய 30-ம் ஒன்றாக இருக்கும்.